மாத்திரையோட உப்பை மாத்தினா இன்னும் நாலு வருஷமா?

கொஞ்சம் நீளமான இழை. நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதுறேன். பொறுமையா படிங்க.

போன வாரம் ஜெனரிக் மருந்து பத்தி நான் போட்ட பதிவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "கோடி கோடியா செலவு பண்ணி கண்டுபிடிக்கிறது வெளிநாட்டுக்காரன். காப்பி அடிச்சு விக்கிறது நம்மாளு. இது திருட்டு இல்லையா டாக்டர்?" நிறைய பேர் அதுக்கு லைக் போட்டிருந்தீங்க. கேட்டவர் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. ஆனா இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இந்த இழை.

ஒரு சின்ன விஷயம் முதல்ல. காப்புரிமைன்னு எழுதினா காப்பிரைட்டோட குழப்பிக்கிறீங்க. புத்தகம், பாட்டு எல்லாம் வேற சட்டம். நான் பேசப்போறது மருந்து மேல வாங்கற பேடன்ட் பத்தி. பேடன்ட்னே எழுதுறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்துல, பத்து வருஷத்துக்கும் மேல ஆச்சு, நெஞ்சக நோய் வார்டுல போஸ்டிங். அங்க எம்டிஆர் டிபி நோயாளிகள் இருப்பாங்க. வழக்கமான டிபி மாத்திரைகள்ல முக்கியமான ரெண்டுக்கும் (ஐஎன்ஹெச், ரிஃபாம்பிசின்) அடங்காத கிருமி. அதுக்கு அப்ப இருந்த சிகிச்சை ரெண்டு வருஷம் ஓடும். அதுல முதல் ஆறு மாசமாவது கானாமைசின் ஊசி. ஞாயிறு தவிர தினமும், இடுப்புல.

ஒரு டீக்கடையில மாஸ்டரா இருந்த பையன். என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவர்னு நினைக்கிறேன். ரெண்டு மூணு மாசம் ஊசி போட்டதும் "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரியே இருக்கு டாக்டர்"னார். அடுத்தடுத்த வாரம் நான் பேசறப்போ என் வாயையே பார்க்க ஆரம்பிச்சார். ஆடியோகிராம் எடுத்தோம். நரம்பு போயிடுச்சு. கானாமைசின் உள்காதுல இருக்கிற மயிர்ச் செல்களைக் கொல்லும். போனா திரும்ப வராது. அவங்க அம்மா என்கிட்ட கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு: "ஊசியை நிறுத்தினா காது வந்துடுமா, இல்ல போட்டாத்தான் உயிரு நிக்குமா? ரெண்டுல எதுன்னு சொல்லுப்பா." நான் சீஃபைக் கேட்டுச் சொல்றேன்னு நழுவிட்டேன். அவர் பிழைச்சார். காது பிழைக்கல.

அப்பவே உலகத்துல வேற ஒரு மருந்து வந்துடுச்சு. பெடாகுயிலின். 2012 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மாத்திரை. ஊசி கிடையாது, காதைத் தொடாது. (இதயத்துடிப்புல ஒரு கோளாறு வரலாம், அதுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டே குடுக்கணும். மாய மாத்திரைன்னு நான் சொல்லவரல.) இந்தியாவுக்கு 2016ல, நன்கொடையா, ஒரு சில மையங்கள்ல மட்டும் வந்தது. எல்லா இடத்துக்கும் வரல. 2017ல பாட்னாவைச் சேர்ந்த ஒரு 18 வயசுப் பொண்ணு, 'நீ டெல்லி விலாசம் இல்ல'ன்னு சொன்னதால, இந்த மருந்துக்காக டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போகவேண்டியிருந்தது. உலகத்துல டிபி வர்ற நாலு பேர்ல ஒருத்தர் இந்தியர். அந்த நாட்டுல இந்த நிலைமை.

அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பல காரணம். கண்மூடித்தனமா குடுத்தா இதுக்கும் கிருமி பழகிடும்ங்கற நியாயமான பயமும் ஒரு காரணம். ஆனா செய்யறது ஒரே ஒரு கம்பெனி, விலையும் அளவும் அவங்க கையில, வேற யாரும் செய்யக்கூடாது. இந்த முடிச்சுதான் பேடன்ட்.

பேடன்ட்னா என்ன? கண்டுபிடிச்சவருக்கும் ஊருக்கும் ஒரு ஒப்பந்தம். "நீ எப்படிச் செஞ்சேன்னு ஒளிக்காம எழுதிக் குடு. அதுக்குப் பதிலா இத்தனை வருஷம் வேற யாரும் செய்யாம நாங்க பார்த்துக்கறோம். அதுக்கப்புறம் யார் வேணா செய்யலாம்." அவ்வளவுதான். வீட்டை ஒத்திக்கு விடற மாதிரி. காலம் முடிஞ்சா வீடு ஊருக்குத் திரும்பணும். முடிஞ்ச மருந்தைச் செய்யறதுக்குத் திருட்டுன்னு பேர் வச்சா, ஒத்தி முடிஞ்ச வீட்டுக்குள்ள சொந்தக்காரன் போறதுக்கும் திருட்டுன்னுதான் பேர் வைக்கணும்.

இப்ப அந்த 'இத்தனை வருஷம்' 20. விண்ணப்பம் போட்ட தேதியில இருந்து கணக்கு, பேடன்ட் கையில கிடைச்ச நாள்ல இருந்து இல்ல. இதைப் பலர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. மூலக்கூறு கண்டுபிடிச்ச கையோட விண்ணப்பம் போட்டுடுவாங்க, பரிசோதனை எல்லாம் முடிஞ்சு கடைக்கு வர எட்டுப் பத்து வருஷம் போயிடும். மிச்சம் இருக்கிற காலத்துலதான் சம்பாத்தியம். அதனால முடியப்போற நேரத்துல அதை எப்படியாவது இழுக்கப் பார்ப்பாங்க.

பெடாகுயிலின்ல அது எப்படி நடந்ததுன்னு பாருங்க. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியோட முதல் பேடன்ட், அதாவது அந்த மூலக்கூறு மேலயே வாங்கினது, 18 ஜூலை 2023 அன்னிக்கு முடியணும். ஆனா அதுக்கு நடுவுல இன்னொரு விண்ணப்பம் இந்தியாவுல போட்டாங்க. அதே பெடாகுயிலினோட ஃபியூமரேட் உப்புக்கு. அது கிடைச்சிருந்தா 2027 டிசம்பர் வரைக்கும் ஏகபோகம். நாலு வருஷத்துக்கும் மேல.

உப்புன்னா சமையல் உப்பு இல்ல. வீட்டுல சுகர் மாத்திரை அட்டை இருந்தா எடுத்துப் பாருங்க, மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடுன்னு இருக்கும். பிரஷர் மாத்திரையில அம்லோடிபின் பெசிலேட்னு இருக்கும். வேலை செய்யறது மெட்ஃபார்மினும் அம்லோடிபினும்தான். மூலக்கூறைத் தனியா வச்சா சரியாக் கரையாது, கெட்டுப்போகும், மாத்திரையா அழுத்த வராது. அதனால ஒரு அமிலத்தோட சேர்த்து உப்பாக்குவாங்க. மருந்து தயாரிப்புல இது தினசரி வேலை. பி.பார்ம் படிக்கிற பிள்ளைங்களுக்கே தெரியும். ஒத்திக்கு இருந்தவர் காலி பண்ற நேரத்துல "கேட்டுக்குப் புது பெயின்ட் அடிச்சிருக்கேன், அதனால இன்னும் நாலு வருஷம் நான்தான் இருப்பேன்"னா ஒத்துக்குவீங்களா?

இதை எதிர்த்தது யாருன்னு நினைக்கறீங்க? அரசாங்கம் இல்ல. எங்க டாக்டர் சங்கங்களும் இல்ல, சொல்லவே வெட்கமா இருக்கு. 2019 பிப்ரவரியில ரெண்டு பெண்கள் ஆட்சேபம் தாக்கல் பண்ணாங்க. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமெசா டிசிலே. ரெண்டு பேரும் டிபியில இருந்து மீண்டவங்க. ரெண்டு பேருக்கும் ஊசியால காது போச்சு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அவங்களுக்குத் துணை நின்னது.

23 மார்ச் 2023ல மும்பை பேடன்ட் அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரிச்சது. ஜூலையில முதல் பேடன்ட் முடிஞ்சது. ஆகஸ்ட் கடைசியில, உலக நாடுகளுக்கு டிபி மருந்து மொத்தமா வாங்கித் தர்ற குளோபல் டிரக் ஃபெசிலிட்டி புது விலையை அறிவிச்சது. ஆறு மாசக் கோர்ஸுக்கு நம்ம ஊர் லூபின் கம்பெனி 194 டாலர்னு வந்தது. அதுவரைக்கும் 289 டாலர் வாங்கிட்டிருந்த ஜான்சன் 130 டாலருக்கு இறங்கிடுச்சு. அதே மாத்திரை, அதே தொழிற்சாலை, அதே உப்பு. ரசாயனத்துல எதுவும் மாறல. பக்கத்துல இன்னொரு கடை திறந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

தென்னாப்பிரிக்காவுல என்ன ஆச்சு தெரியுமா? ஃபுமெசாவோட சொந்த நாட்டுல அந்த உப்பு பேடன்ட் ஏற்கனவே கிடைச்சிருந்தது. அங்க பேடன்ட் அலுவலகம் விண்ணப்பத்தோட உள்ளடக்கத்தைச் சோதிக்கறதில்ல, படிவம் சரியா இருந்தா குடுத்துடும். 2023 செப்டம்பர்ல அந்த நாட்டுப் போட்டி ஆணையம் விசாரணை ஆரம்பிச்சதும், உலகம் முழுக்க சத்தம் வந்ததும், கம்பெனி 134 ஏழை, நடுத்தர வருமான நாடுகள்ல அந்த இரண்டாவது பேடன்ட்டை வச்சு யாரையும் தடுக்கமாட்டோம்னு அறிவிச்சது. அங்க கம்பெனி மனசு இறங்க வேண்டியிருந்தது. இங்க சட்டமே போதுமா இருந்தது.

அது எந்தச் சட்டம்? இந்தியப் பேடன்ட் சட்டம், பிரிவு 3(டி). தெரிஞ்ச மருந்தோட புது உப்பு, புது படிக வடிவம், இந்த மாதிரி மாத்தங்களுக்குப் பேடன்ட் கிடையாது, நோயைக் குணப்படுத்தற திறன் கூடுதுன்னு நிரூபிச்சாத்தான் உண்டு. கூடவே பிரிவு 25(1). பேடன்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே யார் வேணாலும் ஆட்சேபம் சொல்லலாம். 'யார் வேணாலும்'தான் முக்கியம். வக்கீலா இருக்கணும், போட்டிக் கம்பெனியா இருக்கணும்னு இல்ல. காது கேக்காத ஒரு நோயாளியும் சொல்லலாம்.

இந்தப் பிரிவுகள் வானத்துல இருந்து விழல. 20ங்கற நம்பரும் அப்படித்தான். சட்டம் எப்படியெல்லாம் மாறிச்சுன்னு பாருங்க.

சுதந்திரம் வந்தப்போ நம்மகிட்ட இருந்தது வெள்ளைக்காரன் 1911ல போட்ட சட்டம். 16 வருஷம், தேவைப்பட்டா நீட்டிக்கவும் வழி. மருந்து மேல நேரடிப் பேடன்ட் உண்டு. விளைவு? 1960 வாக்குல அமெரிக்க செனட்டோட கெஃபாவர் கமிட்டியே, உலகத்துல மருந்து விலை மிக அதிகமா இருக்கிற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணுன்னு எழுதிச்சு. ஏழை நாட்டுல பணக்கார விலை.

அதை மாத்தச் சொன்னவர் நம்ம சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியா இருந்த ராஜகோபால ஐயங்கார். அவரோட 1959 அறிக்கையை அடிப்படையா வச்சுதான் 1970 சட்டம் வந்தது, 1972 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேடன்ட் கிடையாது. செய்முறைக்கு மட்டும் உண்டு, அதுவும் விண்ணப்பத்துல இருந்து 7 வருஷம் இல்லேன்னா பேடன்ட் முத்திரை விழுந்ததுல இருந்து 5 வருஷம், எது குறைவோ அது. மத்த கண்டுபிடிப்புகளுக்கு 14 வருஷம். மருந்தும் ரேடியோப் பெட்டியும் ஒண்ணு இல்லைன்னு சட்டமே சொல்லிச்சு.

அந்த முப்பது வருஷத்துல வளர்ந்ததுதான் நம்ம மருந்துத் தொழில். 2001ல எச்ஐவி கூட்டு மருந்து ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல வித்தப்போ, சிப்லா 350 டாலருக்குத் தர்றேன்னு சொன்னது. 2004 ஏப்ரல்ல அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவசமா ஏஆர்டி குடுக்க ஆரம்பிச்சப்போ, முதல் பட்டியல்லயே நம்ம தாம்பரம் சானடோரியம் இருந்தது. சீனியர்கள் சொல்வாங்க, அதுக்கு முன்னாடி அங்க வார்டு ரவுண்ட்ஸ்னா எத்தனை கட்டில் காலியாச்சுன்னு எண்றதுதான்னு. இன்னிக்கு அதே வியாதிக்காரங்க மாசாமாசம் மாத்திரை வாங்கிட்டு வேலைக்குப் போறாங்க, பேரன் பேத்தி பார்க்கறாங்க. அந்த மாத்திரையை மலிவாச் செய்ய முடிஞ்சதுக்குக் காரணம் 1970ல போட்ட சட்டம்.

அப்புறம் 1995ல உலக வர்த்தக அமைப்பு. அதோட சேர்ந்து வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம். எல்லா நாட்டுலயும், எல்லாத் துறைக்கும், குறைஞ்சது 20 வருஷம். அமெரிக்காவே அதுவரைக்கும் பேடன்ட் கிடைச்ச நாள்ல இருந்து 17 வருஷம்தான் குடுத்துட்டு இருந்தது. இங்கிலாந்துல 1624ல முதன்முதலா சட்டம் போட்டப்போ 14 வருஷம். ஏழு வருஷத் தொழிற்பயிற்சியை ரெண்டு தடவை முடிக்கிற காலம்னு அதுக்குக் கணக்கு சொல்வாங்க. ஆக 14, 16, 17, 7, 5, 20. இதுல எது அறிவியல்? ஒவ்வொரு நம்பரும் ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து பேரம் பேசி வந்தது. யார் மேஜையில இருந்தாங்க, யார் இல்லைங்கறதுதான் விஷயம்.

நம்ம சட்டம் மூணு தடவை திருத்தப்பட்டது: 1999, 2002, 2005. 20 வருஷம் வந்தது ரெண்டாவது திருத்தத்துல. மருந்துப் பொருளுக்கே மறுபடி பேடன்ட் வந்தது மூணாவதுல. (நான் அரசு ஊழியர், கட்சி அரசியல் பேசல. முதல் ரெண்டும் ஒரு கூட்டணி ஆட்சி, மூணாவது இன்னொரு கூட்டணி ஆட்சி. கணக்கு சரியாப் போச்சா?) அந்த 2005 திருத்தத்துல இடதுசாரிக் கட்சிகளும் நோயாளி அமைப்புகளும் விடாம நின்னதாலதான் 3(டி) இப்ப இருக்கிற வடிவத்துல உள்ள வந்தது. 20 வருஷத்தை ஒத்துக்கிட்டோம். ஆனா 20ஐ 24 ஆக்கற தந்திரத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டோம்.

தாழ்ப்பாள் முதல்ல சோதிக்கப்பட்டது நம்ம சென்னையிலதான். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், நோவார்ட்டிஸ் கம்பெனியோட க்ளிவெக். மாசத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். ஜெனரிக் எட்டாயிரம் பத்தாயிரம். அந்த மருந்தோட ஒரு படிக வடிவத்துக்குப் பேடன்ட் கேட்டாங்க. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒண்ணு எதிர்த்தது. 2006 ஜனவரியில சென்னை பேடன்ட் அலுவலகம் நிராகரிச்சது. 3(டி)யே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போச்சு, 2007 ஆகஸ்ட்ல தோத்தது. 1 ஏப்ரல் 2013ல உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி பண்ணிடுச்சு. உடம்புல கூடுதலா உறிஞ்சப்படுதுங்கறது போதாது, நோய் மேல கூடுதலா வேலை செய்யணும்னு தெளிவாச் சொன்னாங்க. கம்பெனி நிறைய நோயாளிகளுக்கு அந்த மருந்தை இலவசமாக் குடுத்தது உண்மை. மறுக்கல. ஆனா ஒரு நோயாளி ஆயுசு முழுக்க தினம் சாப்பிடவேண்டிய மாத்திரை, யாரோ ஒருத்தரோட கருணையில தொங்கறதை நான் சிகிச்சைன்னு சொல்லமாட்டேன்.

சரி, இப்ப அந்த நண்பரோட கேள்விக்கு வர்றேன். "பேடன்ட் இல்லேன்னா யார் ஆராய்ச்சி பண்ணுவா?"

முதல்ல, பேடன்ட்டே வேண்டாம்னு நான் சொல்லல. 20 வருஷம் வாங்கிக்கட்டும். 21வது வருஷம் யாருதுங்கறதுதான் என் கேள்வி.

ரெண்டாவது, செலவு பண்ணது யாரு? பெடாகுயிலினுக்கு ஆன செலவை 2020ல வெளிவந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுப் பார்த்தது. பொதுப் பணம், அதாவது அரசு நிதி, வரிச்சலுகை, நன்கொடை எல்லாம் சேர்ந்து கம்பெனி போட்டதைவிட 1.6 மடங்குல இருந்து 5 மடங்கு வரைக்கும் அதிகம்னு வந்தது. பொதுமக்கள் காசுல பாதிக்கு மேல கட்டின வீடு. வாடகை மட்டும் ஒருத்தருக்கு.

மூணாவது, தாழ்ப்பாள் இல்லாத ஊர்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. வாத நோய்களுக்குப் போடற ஹுமிரா ஊசி. அமெரிக்காவுல முக்கியப் பேடன்ட் 2016ல முடிஞ்சது. மாற்று ஊசி கடைக்கு வந்தது 2023ல. நடுவுல நூத்துக்கு மேல துணைப் பேடன்ட்டுகளை வேலியா அடுக்கி வச்சிருந்தாங்க. ஐரோப்பாவுல 2018லயே மாற்று வந்துடுச்சு. அந்த வருஷங்கள்ல அந்தக் கம்பெனி புதுசா என்ன கண்டுபிடிச்சது? பேடன்ட் விண்ணப்பத்தை எழுதற வக்கீல்களைக் கண்டுபிடிச்சது.

"டிபி மருந்துதான் அரசு இலவசமாத் தருதே, விலையைப் பத்தி உங்களுக்கு என்ன?" இதையும் கேப்பீங்க. நோயாளிக்கு இலவசம், அரசாங்கத்துக்கு இலவசம் இல்ல. ஸ்டோர்ல இன்டென்ட் போடறவங்களுக்குத் தெரியும். ஒரு கோர்ஸ் விலை பாதியாச்சுன்னா அதே பட்ஜெட்ல ரெண்டு பேருக்கு வாங்கலாம். விலை அதிகமா இருந்தா 'யாருக்குக் குடுக்கறது'ன்னு நாங்க வடிகட்ட வேண்டியிருக்கும். அந்த வடிகட்டலை நான் பண்ணியிருக்கேன். வேற வியாதிக்கு, வேற மருந்துக்கு. கட்டில் கட்டிலாப் போய் வயசு, குழந்தைங்க, பிழைக்கிற வாய்ப்புன்னு கணக்குப் போட்டிருக்கேன். இதை எம்பிபிஎஸ்ல எந்த வருஷத்துலயும் சொல்லித் தர்றதில்ல.

இப்ப எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, அந்தத் தாழ்ப்பாளை மெதுவா கழட்டிட்டு இருக்காங்க. சட்டத்தை யாரும் தொடல. சட்டத்தை மாத்தணும்னா பார்லிமென்ட்ல மசோதா வரணும், விவாதம் நடக்கணும், டிவியில நாலு பேர் கத்தணும். ரூல்ஸை மாத்த கெசட்ல ஒரு அறிவிக்கை போதும்.

15 மார்ச் 2024 தேதியோட புதுப் பேடன்ட் விதிகள் வந்தது. 3(டி) அப்படியே இருக்கு. 25(1)ம் அப்படியே இருக்கு. ஆனா அந்த 'யார் வேணாலும்' ஆட்சேபம் சொல்றதுக்கு முன்ன கட்டணமே இல்ல, இப்ப கட்டணம். முன்ன நீங்க குடுத்தா அது ஆட்சேபம். இப்ப அதை ஏத்துக்கலாமா வேண்டாமான்னு முதல்ல அதிகாரி பார்ப்பார், அதுக்கப்புறம்தான் கம்பெனிக்கே நோட்டீஸ் போகும். வாசல் அங்கேயேதான் இருக்கு, வாட்ச்மேனும் டிக்கெட் கவுன்ட்டரும் புதுசா வச்சிருக்காங்க. 'வேணும்னே காலத்தை இழுக்கற ஆட்சேபங்களைத் தடுக்கத்தான்'னு காரணம் சொல்றாங்க. அப்படிப்பட்ட ஆட்சேபங்கள் வர்றது உண்மைதான், போட்டிக் கம்பெனிங்க பினாமி பேர்ல போடறதுண்டு. அதுக்குப் பினாமியைப் பிடிங்க. நோயாளிகிட்ட எதுக்குக் கட்டணம்?

அதே விதிகள்ல இன்னொரு மாத்தம், யாரும் பெருசா பேசல. படிவம் 27. பேடன்ட் வாங்கின கம்பெனி, அந்தப் பொருளை இந்தியாவுல உண்மையிலேயே விக்குதா, செய்யுதா, இறக்குமதி பண்ணுதான்னு வருஷா வருஷம் கணக்குக் குடுக்கணும். இப்ப மூணு வருஷத்துக்கு ஒரு தடவை குடுத்தாப் போதும். "ஒரு ஃபார்ம்தானே"னு தோணும். 2012ல இந்தியா இதுவரைக்கும் குடுத்த ஒரே கட்டாய உரிமம் எப்படி வந்தது தெரியுமா? பேயர் கம்பெனியோட நெக்ஸாவர், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கு. மாசத்துக்கு 2,80,428 ரூபாய். தேவைப்படற நோயாளிகள்ல சொற்பப் பேருக்குத்தான் அது போய்ச் சேருதுங்கறதுக்கு அந்தக் கம்பெனியே தாக்கல் பண்ண படிவம் 27 ஒரு முக்கிய ஆதாரமா நின்னது. நாட்கோ கம்பெனிக்கு உரிமம் கிடைச்சது, விலை 8,880 ரூபாய் ஆச்சு. அந்தப் படிவத்தைத்தான் இப்ப மூணு வருஷத்துக்கு ஒண்ணாக்கியிருக்காங்க.

அடுத்தது வர்த்தக ஒப்பந்தங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோட பல வருஷமா நடந்த பேச்சுவார்த்தையில அவங்க திரும்பத் திரும்ப வச்ச கோரிக்கைகள்ல ரெண்டை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, அனுமதி வாங்கறதுல போன காலத்துக்கு ஈடா 20 வருஷத்துக்கு மேல பேடன்ட் நீட்டிப்பு. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் இது அஞ்சு வருஷம் வரைக்கும் உண்டு, நம்மகிட்ட கிடையாது. ரெண்டு, பரிசோதனைத் தரவுகளுக்குத் தனி ஏகபோகம். பேடன்ட்டே இல்லேன்னாலும், முதல் கம்பெனியோட தரவை ஆதாரமா வச்சு ஜெனரிக்குக்கு அனுமதி குடுக்கக்கூடாதுன்னு அர்த்தம். பேடன்ட் கதவு வழியா வர முடியலைன்னா, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தோட ஜன்னல் வழியா வர்றது.

2025 ஜூலையில பிரிட்டனோட கையெழுத்தான ஒப்பந்தத்துல நீட்டிப்பு இல்ல, சந்தோஷம். ஆனா மருந்து மக்களுக்குக் கிடைக்க உகந்த வழி, கம்பெனி தானா விரும்பிக் குடுக்கிற லைசென்ஸ்தான்ங்கற பொருள்ல ஒரு வாசகம் இருக்கு. நெக்ஸாவர்ல பேயர் தானா விரும்பிக் குடுத்திருந்தா நாட்கோ எதுக்குக் கட்டாய உரிமம் கேட்டு மனு போடணும்? நாளைக்கு ஒரு அதிகாரி இன்னொரு கட்டாய உரிமம் குடுக்கப் பேனாவை எடுத்தா, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வாசகத்தைத்தான் முதல்ல படிப்பார்.

நான் உங்ககிட்ட கேக்கறது கொடி பிடிக்கறதை இல்ல. இந்த விதிகளை மாத்தறதுக்கு முன்னாடி வரைவு வெளியிடுவாங்க. 2023 ஆகஸ்ட்ல அப்படித்தான் வந்தது, கருத்துச் சொல்ல 30 நாள். அந்த 30 நாள்ல நான் என்ன பண்ணேன்? டெங்கு சீசன், வார்டு நிரம்பி வழிஞ்சது, வரைவு வந்ததே எனக்கு அது முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. மருந்துக் கம்பெனிங்களுக்கு அன்னிக்கே தெரியும், அதுக்குன்னே ஆள் வச்சிருப்பாங்க. நமக்கு யாரும் இல்ல. அடுத்த தடவை வரும்போது இங்க பதிவு போடறேன். உங்க வீட்டுல யாராவது புற்றுநோய்க்கோ, ஹீமோஃபீலியாவுக்கோ, எச்ஐவிக்கோ, கல்லீரல் வியாதிக்கோ மருந்து எடுக்கறாங்கன்னா, அந்த நோயாளி சங்கத்துக்கு அதை அனுப்புங்க. தமிழ்லயே நாலு வரி எழுதினாலும் போதும், 'இந்த மருந்து இல்லாம எங்க வீட்டுல இது நடந்தது'ன்னு. உங்க தொகுதி எம்.பி.க்கும் ஒரு காப்பி. வர்த்தக ஒப்பந்தம் பத்திக் கேள்வி கேக்கற உரிமை அவருக்கு இருக்கு, கேக்கச் சொல்லுங்க.

என் சக டாக்டர்களுக்குத் தனியா ஒண்ணு. காது போன ரெண்டு பெண்கள் பேடன்ட் அலுவலகத்துல ஆட்சேபம் போட்டப்போ, அந்த ஊசியைப் போட்ட நாம ஒரு லெட்டர்கூட எழுதல. ஸ்டைபண்டுக்கும் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்குக்கும் தர்ணா பண்ணத் தெரிஞ்ச நமக்கு இது எட்டல. நானும் அதுல ஒருத்தர்தான்.

அந்த டீ மாஸ்டர் இப்பவும் என் நம்பர் வச்சிருக்கார். போன் பண்ணமாட்டார், மெசேஜ் மட்டும்தான். இப்ப கடையில டீ போடறதில்ல, ஆர்டர் காதுல விழாது. உள்ள வடை போடறார். பெடாகுயிலின் பத்தின தீர்ப்புச் செய்தியை அப்ப அவருக்கு அனுப்பினேன். "இனிமே யாருக்கும் அந்த ஊசி கிடையாதா டாக்டர்?"னு கேட்டார். இப்ப எல்லாருக்கும் மாத்திரைதான்னு பதில் போட்டேன். ஒரு கும்பிடு எமோஜி வந்தது.

பேடன்ட் பத்தி சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, நாளைக்கு வீக்லி ஆஃப், பதில் சொல்றேன். திட்டறவங்களும் திட்டலாம், ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. வழக்கம்போல ஒண்ணு: ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் குடுங்க. டெஸ்ட்டும் இலவசம், மாத்திரையும் இலவசம்.